மஞ்சள் வண்டிக்கு உதடு இல்லை

என் அத்தானைப் பற்றி எங்கள் தெருவில் இப்போது யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "பாவம், நல்ல மனுஷன், ஆனா கை போயிடுச்சு" என்பார்கள். கை எங்கும் போகவில்லை. இரண்டு கையும் பத்து விரலும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. போனது வேறு. அது எப்படிப் போனது என்று தெரிந்தவர்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள். நாலாவது ஆள் நான்.

அத்தான் என் அக்காவின் கணவர். கார்களின் சூட்டை இறக்குவது அவர் தொழில். அடைத்துப்போன ரேடியேட்டர், ஒழுகும் குழாய், சுற்றாத ஃபேன், வழியில் ஆவி கக்கி நின்றுபோன வண்டி என்று எல்லாம் அவரிடம்தான் வரும். தெரு அவருக்கு வைத்த பெயர் கொதிப்பு. கொதிக்கிற வண்டிகளோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியும் ஒருநாள்கூடக் கொதிக்காத மனுஷன் என்பதற்காகக் கேலியாக வைத்தது. "உங்க அத்தானுக்குக் கோபம் வர்றதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்" என்று அக்கா சொல்வாள். நரைப்பதற்கு முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன். யாராவது ஒருத்தர் எடுத்துக்கொள்ளத்தானே வேண்டும்.

நான் அவர் கடைக்கு அடுத்த கடை. கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன், தரைக்கு ரப்பர் மேட் வெட்டிப் போடுகிறேன். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

அவர் வேலை செய்யும் விதம் ஒன்று உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் மேல் புறங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வருவார். குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி. சூடு எங்கே சட்டென்று குறைகிறதோ அங்கே அடைப்பு. அதற்குப் பிறகு அவருடைய கடைசிப் பரீட்சை. செய்தித்தாளில் ஒரு தாளைக் கிழித்து வண்டியின் முன்பக்க வலையில் வைப்பார். ஃபேன் இழுத்துத் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றால் வண்டி பாஸ். நழுவி விழுந்தால் ஃபெயில். "பேப்பர் ஒட்டுச்சு, பயப்படாம ஓட்டுங்க" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த வண்டிக்காரர் சூடு காட்டும் முள்ளைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். அப்படி ஒரு நம்பிக்கை. மற்ற கடைக்காரர்களும் அவரைப் பார்த்துத் தாள் ஒட்ட ஆரம்பித்தார்கள். சிலர் பழைய தாளையே திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். இவர் வண்டிக்கு ஒரு புதுத் தாள் கிழிப்பார்.

மகளுக்குக் கல்யாணம் ஆனதும், மாப்பிள்ளை கடையை அவர் கடையோடு சேர்த்தார்கள். மாப்பிள்ளை கார்களை இறக்குகிறவர். இறக்குவது என்றால், நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங் போட்டு, வண்டி தரையை முத்தமிடுகிற மாதிரி ஆக்குவது. அதில் என்ன அழகு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் ஊரில் பாதி இளசுகள் அவர் கடை வாசலில்தான் நிற்கும். நடுச்சுவரை இடித்தார்கள். வலது பக்கம் மாமனார் சூட்டை இறக்க, இடது பக்கம் மாப்பிள்ளை வண்டியை இறக்க, நடுவில் மேஜை போட்டு மகள் உட்கார்ந்தாள். அவள் கெட்டிக்காரி. கழற்றிய ஒரு திருகுகூடக் காணாமல் போகாது. எல்லாவற்றையும் பையில் போட்டு, எந்த வண்டி, என்ன சாமான், எத்தனை, எந்தத் தேதி என்று சீட்டு எழுதிக் கட்டி, பரணில் ஏற்றிவிடுவாள். அத்தானும் மகள் வீட்டோடு போய்விட்டார். தனியாகச் சமைத்துச் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் பல் டாக்டர் தன் மஞ்சள் காரோடு வந்தார். நான்கு விரல் இறக்கி, முன்பக்கம் வாய் பெரிதான புது பம்பர் மாட்டிக்கொண்டார். வண்டி பார்க்கக் கோபக்காரத் தவளை மாதிரி இருந்தது. அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றுமில்லையாம். வெளியே நீளமான ரோட்டில் தொண்ணூறில் போனால் முள் ஏறுகிறதாம். அத்தான் பார்த்தார். தண்ணீர் சரி, மூடி சரி, ஃபேன் சரி, புறங்கைக்கு எங்கும் குறையில்லை. தாளை வைத்தார். ஒட்டிக்கொண்டு நின்றது.

அப்போது மாப்பிள்ளையைக் கேட்டார். தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் ஊசி கோத்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

"மாப்பிள்ளை, இந்த வண்டியில முன்னாடி வேற ஏதாவது கழட்டினீங்களா?"

"இல்ல மாமா. ஸ்பிரிங் மாத்தினேன், பம்பர் மாத்தினேன். அவ்வளவுதான்."

இரண்டாம் தடவை வண்டி வந்தபோது, தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். மூன்றாம் தடவை ரேடியேட்டரையே புதிதாகப் போட்டார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வியைக் கேட்டார், அதே பதில் வந்தது. மகள் நடுமேஜையில்தான் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் தாள் ஒட்டியது. மூன்றாம் தடவை டாக்டர், "நிச்சயமா போகலாமா?" என்று கேட்டார். "பேப்பர் ஒட்டுது டாக்டர். குடும்பத்தோட போயிட்டு வாங்க" என்றார் அத்தான்.

அவர் குடும்பத்தோடுதான் போனார். வெட்டவெளி ரோட்டில், நிழலுக்கு ஒரு மரம் இல்லாத இடத்தில், உச்சி வெயிலில் இன்ஜின் இறுகி நின்றது. மனைவியும் கைக்குழந்தையும் இரண்டு மணி நேரம் ரோட்டோரம் நின்றிருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் அவர் கடைக்கு வந்து நின்ற கோலத்தை நான் மறக்க மாட்டேன். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகப் பேசினார். தெருவே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"மூணு தடவை கொண்டாந்தேன். மூணு தடவையும் நீங்க பேப்பரை ஒட்டிக் காட்டினீங்க. உங்க பேச்சை நம்பி நான் முள்ளைப் பாக்கல. பெரியவர், உங்களுக்கு முடியலேன்னா முடியலேன்னு சொல்லியிருக்கலாமே."

அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை கீழே படுத்து, வேறு ஒரு வண்டிக்கு அடியில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த போல்ட்டை முடுக்கின மாதிரி அவர் எந்த போல்ட்டையும் முடுக்கியதில்லை.

அதோடு சரி. தெரு ஒருவரை உயர்த்துவதற்கு முப்பது வருஷம் எடுத்துக்கொள்ளும், கீழே போட ஒரு மத்தியானம் போதும். பழைய வாடிக்கைக்காரர்கள் வண்டியை அடுத்த தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது இவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வேறு போனார்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தாள் ஒட்டிப் பிழைத்த மற்ற கடைக்காரர்கள், "எங்களுக்கு அப்பவே தெரியும், கொதிப்புக்கு வயசாயிடுச்சு" என்றார்கள். மகள் நடுமேஜையில் குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

அத்தானுக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. அந்த வண்டி ஏன் கொதித்தது என்று தெரிந்தாக வேண்டும், தெரிந்து அதைத் தெருவில் நின்று சொன்னாக வேண்டும். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூட அவருக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் வந்தார்.

"ஏம்மா, சிவப்பு நூல் ஒரு கண்டு குடு. தடியா இருக்கட்டும். உன் ஃபோனையும் எடுத்துக்கிட்டு வா."

மாப்பிள்ளையின் நீல வண்டியை ஒரு சுற்று போய் வருகிறேன் என்று வாங்கி வந்திருந்தார். பல் டாக்டர் வண்டியின் அதே மாடல், அதே மாதிரி இறக்கியது, அதே பெரிய வாய் பம்பர். கடைக்கு விளம்பரமாக ஊருக்குள் மட்டும் சுற்றுகிற வண்டி. முன்பக்க வலைக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால், விரல் நீள நூல்களாக வெட்டி வரிசையாகக் கட்டினார். என் ஃபோனை, அந்த நூல்களைப் பார்க்கிற மாதிரி பம்பருக்குள் இறுக்கினார். கட்டும்போதே கீழே குனிந்து எதையோ எண்ணினார். "எட்டு ஓட்டை சும்மா இருக்கு" என்றார். பம்பருக்கு அடியில் கருப்பு பிளாஸ்டிக் பட்டை ஒன்று தரையைப் பார்த்துத் தொங்கும். கடைகளில் அதை லிப் என்பார்கள், உதடு. இந்த வண்டியில் அது இல்லை. ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய மறைப்புகளும் இல்லை.

வண்டி நின்ற இடத்தில் ஓடியபோது, ஃபேன் இழுத்து எல்லா நூலும் உள்ளே பார்த்து நின்றன. தாள் வைத்திருந்தால் ஜோராக ஒட்டியிருக்கும். பிறகு ஊரை விட்டு வெளியே போனோம். தொண்ணூறு. பத்து நிமிஷத்தில் முள் ஏற ஆரம்பித்தது. ஓரம் கட்டி ஃபோனில் பார்த்தோம். நூல்களில் பாதி துவண்டு தொங்கின. சில நூல்கள் எங்களைப் பார்த்து வெளியே ஆடின. தொண்ணூறில் ஓடுகிற வண்டியின் மூக்கில் காற்று உள்ளே போகாமல் வெளியே வருகிறது. நான் இரண்டு தடவை பார்த்தேன், நம்ப முடியவில்லை.

அத்தான் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நிக்கும்போது ஃபேன் இழுக்குதும்மா. ஓடும்போது காத்துதான் தள்ளணும். அடியில இருந்த பட்டையை எடுத்துட்டா காத்து வண்டிக்குக் கீழ புகுந்து, இன்ஜினுக்கு அடியில நெருக்கிக்கிட்டு நிக்குது. உள்ள இருக்கற சூட்டுக் காத்து எப்படி வெளிய வரும்? பஸ்ஸில இறங்கறவன் இறங்கினாத்தானே ஏறறவன் ஏற முடியும். முன்னாடி வர்ற கொஞ்சநஞ்ச காத்தும் பக்கத்து மறைப்பு இல்லாததால ரேடியேட்டரைச் சுத்திக்கிட்டு ஓடிடுது."

எதற்கும் இருக்கட்டும் என்று, வரும்போது என் கடையிலிருந்து ஒரு ரப்பர் மேட் துண்டையும் கொஞ்சம் சீட்டுப் பஞ்சையும் டிக்கியில் போட்டு வந்திருந்தேன். ரப்பரில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிக் கொடுத்தேன். அடியில் தொங்கவிட்டு முடுக்கினார். பஞ்சை வெட்டிப் பக்கவாட்டில் அடைத்தார். அதே ரோடு, அதே தொண்ணூறு. முள் நடுவில் போய் உட்கார்ந்தது, நகரவில்லை. திரும்பும் வழியெல்லாம் மனுஷன் சின்னப் பையன் மாதிரி ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். "நின்ன வண்டியைப் பாத்து ஓடற வண்டிக்கு ஜாதகம் சொல்லிட்டு இருந்திருக்கேன் இத்தனை வருஷமா. என் தப்பும் இருக்கும்மா. நாளைக்கே டாக்டரைப் பாத்து எல்லாத்தையும் சொல்லிடணும்" என்றார். அக்கா போனதற்குப் பிறகு அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கடைக்கு வந்ததும், நீல வண்டிக்கு ஒரிஜினல் லிப் பரணில் கிடக்கும், அதையே மாட்டிவிடலாம் என்று ஏணி வைத்து ஏறினார். வெகுநேரம் இறங்கவில்லை. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு பையோடு இறங்கினார். உள்ளே கருப்புப் பட்டை. மேலே சீட்டு.

டாக்டர், மஞ்சள். முன் லிப் ஒன்று. பக்க மறைப்பு இரண்டு. போல்ட் எட்டு. தேதி, டாக்டர் முதல் தடவை புகார் சொல்லி வந்ததற்கு ஐந்து நாள் முன்பு. உருண்டை உருண்டையாக, அழகான கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்குப் பலகை வாங்கிக் கொடுத்து எழுத உட்கார வைத்தவள் என் அக்கா.

மாப்பிள்ளை பொய் சொன்னது அவரை அவ்வளவு உறுத்தவில்லை என்று நினைக்கிறேன். மாமனார் கேட்டால் எந்த மாப்பிள்ளையும் கொஞ்சம் மழுப்புவார். இறக்கின இரண்டாம் நாளே வேகத்தடையில் கறகறவென்று உரசுகிறது என்று டாக்டர் வந்து முகம் சுளித்திருப்பார், இவர் அவரிடம்கூடச் சொல்லாமல் கழற்றிப் போட்டிருப்பார், அழகுக்கு இருக்கிற பிளாஸ்டிக்தானே என்று நினைத்திருப்பார். ஆனால் சீட்டு எழுதியவளுக்கு அப்பா கேட்ட கேள்வி மூன்று தடவை காதில் விழுந்தது. டாக்டர் வந்து நின்ற அன்றும் அவள் அந்த மேஜையில்தான் இருந்தாள்.

"வாயைத் தைச்சுக்கோம்மா. உனக்குத்தான் தைக்கத் தெரியுமே" என்றார் அத்தான். சிரிக்க முயற்சி செய்தார். "நானே அவங்ககிட்டச் சொல்றேன். அவங்களே டாக்டர்கிட்டப் பேசட்டும். அதுதான் மரியாதை."

மறுநாள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, வீடியோவைக் காட்டினார். பட்டை இல்லாமல் எப்படி, பட்டையோடு எப்படி என்று விளக்கினார். பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களே சொல்வார்கள் என்று காத்திருந்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே, "நல்ல விஷயம் மாமா. இனி இறக்குற வண்டிக்கெல்லாம் ரப்பர்ல போட்டுடலாம். உரசினாலும் மடங்கிக்கும்" என்றார். மகள், "அப்பா, காப்பி ஆறிடப் போகுது" என்றாள்.

ஒரு மாதத்தில் கடை வாசலில் புதுப் பலகை ஏறியது. இறக்கிய வண்டி கொதிக்கிறதா, எங்களிடம் வாருங்கள் என்று. இளசுகள் வரிசையில் நின்றார்கள். ரப்பரை வெட்டித் துளை போடுகிற வேலை அத்தானுக்கு. பின்பக்கம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. வாடிக்கைக்காரரோடு பேசுகிற வேலை மாப்பிள்ளைக்கு.

பல் டாக்டரும் வந்தார். வேறெங்கோ இன்ஜினைச் சரிசெய்துகொண்டு, இந்தப் பட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். மாட்டிக்கொண்டு வெளி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, இனிப்புப் பெட்டியோடு திரும்பினார். முதல் இனிப்பை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "பெரியவர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மூணு தடவை பாத்துக் கண்டுபிடிக்காததை உங்க மாப்பிள்ளை கண்டுபிடிச்சிட்டார்" என்றார்.

நான் இந்தப் பக்கம் தகரத்தில் காதை வைத்து நின்றேன். இப்போது யாராவது சொல்வார்கள். மாப்பிள்ளை சொல்வார், இல்லையென்றால் அவள் சொல்வாள்.

"அவர் திறமைசாலி டாக்டர்" என்றார் அத்தான். "எனக்குக் கண்ணும் சரியில்ல, கையும் சரியில்ல."

டாக்டர் போனதும் எனக்கு அடக்க முடியவில்லை. கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடியே அந்தப் பக்கம் போனேன். மேஜைக்கு முன்னால் நின்று கேட்டேன்.

"அந்தப் பையில சீட்டு எழுதினது யாரு? உங்கப்பா அதைப் பாத்துட்டாருடி. பாத்துட்டுத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்காரு. உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை மெதுவாக வெளியே போய், நின்றுகொண்டிருந்த ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்தார்.

"முதல்ல எங்களுக்கும் தெரியாது சித்தி. அது போனா வண்டி கொதிக்கும்னு யாருக்குத் தெரியும்? இன்ஜின் போன அன்னிக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அப்போ சொல்லியிருந்தா இந்தக் கடையை மூடிட்டுப் போயிருக்கணும். இவர் இப்பத்தான் காலூன்றி நிக்குறார். அப்பா வாழ்ந்து முடிச்சவர். அவருக்குச் சாப்பாட்டுக்கு நாங்க இருக்கோம். அவருக்கு இனிமே பேர் எதுக்கு சித்தி?"

பின்பக்கம் ரப்பர் வெட்டும் சத்தம் நின்றிருந்தது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தான் முக்காலியை விட்டு எழுந்து வந்தார். கையில் ரப்பர் தூள். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது அவர் கொதிக்கட்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. கொதிக்கவும் செய்தார்.

என்னைப் பார்த்து.

"உன்னை யாரு இங்க வரச் சொன்னது? வாயைத் தைச்சுக்கோன்னு சொன்னேன்ல. இது எங்க குடும்ப விஷயம். நீ உன் கடையைப் பாரு. புள்ளையை அழ வெச்சுடாதே."

அதுவரை அவள் அழவில்லை. அவர் சொன்ன பிறகுதான் அழ ஆரம்பித்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் என் கடைக்கு வந்து, பாதி தைத்த சீட்டு உறையைப் பிரித்துப் போட்டேன்.

அக்கா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அந்தப் பிள்ளைக்குச் சடை பின்னி விட்டவள் நான். அந்த வீட்டுக்கு ஒன்று என்றால் அத்தான் முதலில் தட்டுவது என் தகரத்தைத்தான். நான் குடும்பம் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. போகட்டும். குடும்பத்தில் இல்லாதவளுக்குக் குடும்ப ரகசியத்தைக் காப்பாற்றுகிற வேலையும் இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். டாக்டர் வண்டியைக் கொதிக்க வைத்தவர் மாப்பிள்ளை. மறைத்தவள் மகள். கண்டுபிடித்தவர் என் அத்தான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார். அவர் மட்டும், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவார்.